குறைந்துபோன அரை இஞ்ச்

அண்ணிக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கிறது என்று சொல்பவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. மூக்கின் மேல் கண்ணாடி இருக்கிறது. கோபம் இருப்பது நாக்கு நுனியில். எப்போது கூப்பிடுவார்கள் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கும்.

சலவைக் கடையில் துணி திருத்தும் மேசை அவளுடையது. நீளமான பேண்ட்டைக் குட்டையாக்குவாள், பிய்ந்த ஜிப்பை மாற்றுவாள். "இடுப்பை ஒரு இஞ்ச் பிரிச்சு விடணும்" என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், "ஒண்ணு போதுமா, ரெண்டா விட்டுடவா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். அப்படியும் ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். அவள் பிரித்துத் தைத்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அவளை முதன்முதலில் அண்ணி என்று கூப்பிட்டவள் ஒருத்திதான், கணவரின் தங்கை. அதைக் கேட்டுக் கேட்டுத் தையல் கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அறுபத்தெட்டு வயது டிரைவர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். இதில் கூத்து என்னவென்றால், கண்டவர்களும் அண்ணி என்கிறார்கள், கூப்பிட வேண்டியவள் மட்டும் மூன்று வருஷமாகக் கூப்பிடுவதில்லை.

சண்டை வந்தது ஒரு கத்திரியால். கத்திரி அண்ணியுடையது. துணிக்கென்றே வைத்திருக்கும் கத்திரி. தைக்கிறவர்கள் வீட்டில் துணிக் கத்திரியால் காகிதத்தை வெட்டுவது எத்தனை பெரிய குற்றம் என்பது தைக்காதவர்களுக்குப் புரியாது. கூர் மழுங்கிவிடும், அப்புறம் பட்டுத்துணியைக் கடித்து இழுக்கும். இது தெரிந்த நாத்தனார், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற, மயிரிழை பிசகாத நாத்தனார், ஒருநாள் ஏதோ யோசனையில் அந்தக் கத்திரியை எடுத்து அட்டையை வெட்டிவிட்டாள். அதுவும் தடி அட்டை.

"போச்சு! இனிமே இது எதையும் வெட்டாது, பாத்துக்கோ!" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்த அண்ணி, வெட்டாது என்று காட்டுவதற்காக, நாத்தனார் கழுத்தில் தொங்கிய மஞ்சள் இஞ்ச் டேப்பின் நுனியில் கத்திரியை வைத்து அழுத்தினாள். கத்திரி சுத்தமாக வெட்டியது. டேப்பின் முனைத்தகடும் அதோடு அரை இஞ்சும் துள்ளிப் போய்த் தரையில் விழுந்தன.

அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருத்தி சிரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. நாத்தனார் குனிந்து அந்தத் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டாள், டேப்பைக் கழற்றி மேசையில் போட்டாள், போய்விட்டாள். பதினோரு வருஷம் அண்ணி வீட்டில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக மிஷின் போட்டுத் தைத்தவர்கள் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும், "அண்ணா, அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று நடுவில் இருக்கும் மனுஷன் வழியாகத்தான் உப்பு நகர்ந்தது. பாவம், அவர் சாப்பிட்டதைவிட அனுப்பி வைத்தது அதிகம்.

"அவ முதல்ல ஒரு வார்த்தை பேசட்டும், நான் ஒன்பது வார்த்தை பேசறேன். நானா முதல்ல பேசமாட்டேன்" என்று கணவரிடம் அண்ணி சொல்லி வைத்திருந்தாள். சொன்ன வாய் இறங்கி வராது. ஆனால் மனசு வேறு கணக்கு வைத்திருந்தது. எதிர் மிஷினின் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தைக்கவே பிடிக்கவில்லை. கலர் பொருந்துகிறதா என்று தலையைத் தூக்கிக் கேட்க ஆளில்லை. அவளுக்கு நாத்தனார் வேண்டும், அவ்வளவுதான்.

தையல் கூட்டத்தை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நூலகத்தின் மாடி அறையில் ஆறு பேர் கூடுவார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், பல் டாக்டர், பேக்கரிக்காரி, நர்ஸ், அப்புறம் இந்த இருவர். வருஷத்துக்கு ஒருமுறை கட்டம் மாற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவரும் ஒரே மாதிரி ஆறு சதுரத் துணிக்கட்டங்கள் தைத்து வரவேண்டும். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். கடைசியில் எல்லோர் கையிலும் ஆறு பேர் கைவேலையும் இருக்கும். அவற்றை இணைத்து ஆளுக்கொரு ஒட்டுப்போர்வை தைத்துக்கொள்வார்கள்.

கட்டத்தின் அளவு பன்னிரண்டரை இஞ்ச். நான்கு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விட்டால் பன்னிரண்டு நிற்கும். இதில் குறைந்தால் பக்கத்துக் கட்டத்தோடு ஓரம் சேராது, போர்வை கோணிக்கொள்ளும். அதனால் மாற்றிக்கொள்ளும் முன் எல்லாக் கட்டங்களையும் நாத்தனார்தான் அளப்பாள். அதற்கென்று கோடு போட்ட ஒரு சதுரக் கண்ணாடிப் பலகை வைத்திருக்கிறாள். ஸ்கேல் என்பது அவளுக்குக் கூட்டம் வைத்த பெயர். அளவு குறைந்தால் கட்டம் வந்த வழியே வீட்டுக்குப் போகும், அந்த ஆளுக்கு அந்த வருஷம் மாற்று கிடையாது. போன வருஷம் கால் இஞ்சுக்காக நர்ஸ் அழுதுகொண்டே படியிறங்கினாள். ஸ்கேல் இரக்கப்படவில்லை.

இந்த வருஷம், தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளைத் துணியில் வெட்டிக் கட்டத்தின் மேல் வைத்துத் தைக்க வேண்டும் என்று முடிவு. அண்ணி சிவப்புக் குடையைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளைச் சதுரங்களை வெட்ட உட்கார்ந்தபோது வீட்டு டேப்பைக் காணோம். மீன் தொட்டிக்குப் பலகை அடிக்கிறேன் பேர்வழி என்று கணவர் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் மூன்று நாளாகியிருந்தது. அண்ணி தையல் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பழைய டேப் கிடைத்தது. அதைத் துணி ஓரத்தில் பொருத்தி, பன்னிரண்டரைக் கோட்டில் குறி போட்டு, ஆறு சதுரங்களையும் வெட்டினாள். குடைகள் அம்சமாக வந்தன. கைப்பிடியின் வளைவைத் தைத்து முடித்து அவளே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. மாடி அறையில் சாத்தவே முடியாத ஒரு ஜன்னல் வழியாகக் காற்று வந்து கட்டங்களைப் புரட்டியது. டிரைவர் தேநீர்க் கோப்பை தைத்திருந்தார், கோப்பையில் ஆவி வேறு பறந்தது. பல் டாக்டர் பல் துலக்கும் பிரஷ். "இதுல என்ன யோசனை வேண்டிக்கிடக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். பேக்கரிக்காரி அடுப்புக் கையுறை, நர்ஸ் கைக்கடிகாரம். ஒவ்வொன்றாக அளந்து தள்ளிய ஸ்கேல், கடைசியில் அண்ணி இருந்த திசையைப் பார்க்காமல் சொன்னாள்.

"டிரைவர் சார், மிச்சம் இருக்கிற கட்டத்தை இங்க தரச்சொல்லுங்க."

"அண்ணி, உங்களுதைத் தரணுமாம்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

ஸ்கேல் முதல் குடையின் மேல் பலகையை வைத்தாள். கை அப்படியே நின்றது. பலகையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இரண்டாவது குடை. மூன்றாவது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியையும் அளந்தாள். பிறகு தலையைத் தூக்கி, மூன்று வருஷத்தில் முதல்முறையாக, அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

என்ன பார்வை இது என்று அண்ணி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திருப்பி அனுப்பப் போகிறாள், அதுவும் எல்லோர் முன்னாலும்.

"சரியா இருக்கு" என்றாள் ஸ்கேல். குரல் கொஞ்சம் பிசிறியது. "ஆறும் சரியா இருக்கு." எழுந்து ஜன்னலோரம் போய் மூக்கைச் சிந்தினாள்.

"என்னங்க, ஜலதோஷமா?" என்றாள் பேக்கரிக்காரி.

"தூசி."

மற்றவர்களுக்குத் தன் கட்டத்தை மேசையில் தள்ளிவிட்ட ஸ்கேல், அண்ணிக்குரியதை மட்டும் ஒரு காகித உறையில் போட்டு, டிரைவர் வழியாக அனுப்பாமல், அவள் கையிலேயே கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதற்கோ காத்திருப்பதுபோல் நின்றாள். அண்ணி உறையைத் திறந்து பார்த்தாள். சாம்பல் துணியில், வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கத்திரி.

கத்திரி! உலகத்தில் வேறு பொருளே கிடைக்கவில்லை பாருங்கள். கத்திரியின் வாய்க்குள் ஏதோ மஞ்சள் துணுக்கு வேறு, அழகுக்காம். அண்ணி கட்டத்தைப் பையில் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். "மூணு வருஷம் ஆச்சு, இன்னும் குத்திக்காட்டறா" என்று வழி நெடுக முணுமுணுத்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஆறு கட்டங்களையும் பரப்பினாள். கோபம் கோபம்தான், ஆனால் புதுக் கட்டங்களைப் பரப்பிப் பார்க்காமல் எந்தத் தையல்காரிக்கும் சோறு இறங்காது. குடைக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்தாள். கோப்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிரஷை வைத்தாள். அதுவும் நீட்டிக்கொண்டு நின்றது. அண்ணி அந்தப் பழைய டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள்.

குடை பன்னிரண்டரை. கோப்பை பதின்மூன்று. பிரஷ் பதின்மூன்று. கையுறை, கடிகாரம், பதின்மூன்று, பதின்மூன்று. கடைசியாகக் கத்திரிக் கட்டத்தின் மேல் டேப்பை வைத்தாள். அதுவும் பதின்மூன்று!

ஆஹா. அண்ணிக்கு அப்போது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரையெல்லாம் அளக்கிற ஸ்கேல் அரை இஞ்ச் பிசகிவிட்டாள்! ஐந்து பேரும் தப்பு, தான் ஒருத்திதான் சரி! ஐந்து பேரும் ஒரே அளவில் எப்படித் தப்பு செய்வார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு முன்னால் அவள் கை போனை எடுத்துவிட்டது.

"டிரைவர் சார், நம்ம ஸ்கேலுக்குக் கண்ணு போச்சு! லென்ஸ் தேய்ச்சுத் தேய்ச்சு இவங்களுக்கே லென்ஸ் வேணும் போல இருக்கு. எல்லாக் கட்டமும் பதின்மூணு இஞ்ச். என்னோடது மட்டும்தான் சரி!"

"அப்படியா?" என்றார் டிரைவர், சந்தேகமாக. "நாலு தடவை அளந்துதானே வெட்டினேன். இருங்க, எதுக்கும் பாத்துட்டுச் சொல்றேன்."

"நல்லாப் பாருங்க!"

போனை வைக்கும்போதே கணவர் கொல்லைப்பக்கத்திலிருந்து மரத்தூளோடு வந்தார். "இந்தா உன் டேப். பலகை ரெடி. மீனுங்கதான் இன்னும் வாங்கல."

"நல்ல நேரத்துல வந்தீங்க. வாங்க, உங்க தங்கச்சி லட்சணத்தைப் பாருங்க" என்று அண்ணி இந்த டேப்பாலும் அளந்து காட்டப் போனாள். கத்திரிக் கட்டம் பன்னிரண்டரை என்றது. குடையை அளந்தாள். பன்னிரண்டு.

அண்ணி இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். இரண்டின் முனைகளும் ஒன்றாக நின்றன, எண்கள் ஒன்றாக நிற்கவில்லை. பழைய டேப்பின் முனையில் தகடு இல்லை. முனையிலிருந்து அரை இஞ்ச் தாண்டுவதற்குள்ளேயே ஒன்று என்ற எண் வந்துவிட்டது.

"இது நம்ம டேப் இல்லையே" என்றார் கணவர். "எவனோ நுனியை வெட்டியிருக்கான்."

எவனோ இல்லை. எவளோ. அந்த எவளோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தான் நுனியை வெட்டிய நாத்தனாரின் டேப், இத்தனை நாள் பெட்டிக்கடியில் பேசாமல் கிடந்து, இன்றைக்குத் தன் ஆறு குடையையும் கடித்துவிட்டது. அளவு குறைந்த கட்டத்தை ஸ்கேல் பார்த்தாளே, ஒருமுறையல்ல, ஆறு முறை வைத்துப் பார்த்தாளே. நர்ஸை அழவிட்டவள், இதைச் சரியா இருக்கு என்று எல்லோர் முன்னாலும் ஏன் சொன்னாள்?

அண்ணியின் பார்வை கத்திரிக் கட்டத்துக்குப் போனது. கத்திரியின் வாய்க்குள் இருந்த மஞ்சள் துணுக்கு துணி இல்லை. அதன் ஒரு முனையில் சின்னத் தகடு. நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள். நான்கு ஓரத்திலும் எண்ண முடியாத அளவு சின்னத் தையல். அண்ணி பழைய டேப்பின் வெட்டுப்பட்ட முனையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தாள். வெட்டு கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்தது. இரண்டு சாய்வும் பொருந்தின.

மூன்று வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். எங்கே வைத்திருந்தாளோ, பொத்தான் டப்பாவிலோ, பர்ஸிலோ. அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"எங்கே கிளம்பிட்ட? சாப்பாடு?" என்றார் கணவர்.

"போட்டுச் சாப்பிடுங்க. உப்பு பக்கத்துலயே இருக்கு."

நாத்தனார் வீடு நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. அண்ணி குடைக் கட்டத்தைப் போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். வழியெல்லாம் பேச வேண்டிய ஒன்பது வார்த்தையையும் அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். முதலில் பேசுவது யார் என்ற வீம்பைக் கீழே தெருவிலேயே போட்டாயிற்று. கதவு திறந்தது. திறந்த வாய்க்கு மூச்சுதான் வந்தது.

"அண்ணி, முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அண்ணிக்கு அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்தது. தண்ணீரைக் குடித்தாள். பாதி புடவையில் ஊற்றிக்கொண்டாள்.

"நீ முதல்ல பேசிட்டே" என்றாள் கடைசியில்.

"அது இப்பவா? கட்டத்தைக் கையில கொடுத்தப்பவே பேசிட்டேனே. வெளிய சொல்லத்தான் வாய் வரல. எத்தனை தடவை பிரிச்சுத் தைச்சேன் தெரியுமா அந்தத் துணுக்கை? மத்த அஞ்சு கத்திரிக்கும் வாய்ல ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு மட்டும்தான்."

"மண்டைக்கு எட்டலடி எனக்கு. குத்திக்காட்டறேன்னு நெனச்சேன்."

"அதான் பாத்தேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனீங்களே. ஆனா எனக்குக் கவலையே இல்ல. அதுக்கு முன்னாடியே உங்க பதில் வந்துடுச்சே." நாத்தனாரின் கண் மறுபடி கலங்கியது. "பலகையை வச்சேன், அரை இஞ்ச் குறையுது. அடுத்தது, அரை இஞ்ச். ஆறுலயும் அச்சடிச்ச மாதிரி அரை இஞ்ச். என் பழைய டேப்பாலயே அளந்து வெட்டியிருக்கீங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. என்ன ஒரு மன்னிப்பு! நானாவது ஒரே ஒரு கட்டத்துல சொன்னேன், நீங்க ஆறுலயும் சொல்லிட்டீங்க."

அண்ணி ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். இப்படி ஒரு பெருமை சும்மா மடியில் வந்து விழுந்தால் யார்தான் தள்ளிவிடுவார்கள்? ஒரு நிமிஷம் அவள் அதை ஆசையோடு பார்த்தாள்.

"அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லடி" என்றாள். "என் டேப்பை உங்க அண்ணன் மீன் தொட்டிக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். பெட்டிக்கடியில கைக்கு வந்ததை எடுத்தேன். உன்னோடதுன்னே தெரியாது. போதாததுக்கு, நீங்க எல்லாரும் பதின்மூணு வெட்டிட்டீங்க, உனக்குக் கண்ணு போச்சுன்னு டிரைவருக்குப் போன் வேற பண்ணிட்டேன்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அது போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அண்ணியும் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு, வட்டியோடு வந்தது.

"டேப்பை வெட்டினது தப்புதான்" என்றாள் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே. "வெட்டின அன்னிக்கே தெரியும். சொல்லத்தான் வரல."

"அட்டையை வெட்டினதும் தப்புதான். யாராவது என் கத்திரியால அட்டை வெட்டியிருந்தா நான் டேப்போட நிறுத்தியிருக்க மாட்டேன்."

போன் அடித்தது. டிரைவர். குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஸ்கேல், தப்பா எடுத்துக்காதீங்க. என் கட்டம் சரியாத்தான் இருக்கு. அண்ணியோட குடைதான் அரை இஞ்ச் குறையுது. நீங்க எப்படி விட்டீங்க?"

"தெரிஞ்சுதான் விட்டேன் சார். அந்த அரை இஞ்ச் மூணு வருஷமா என்கிட்டதான் இருந்தது. எல்லார்கிட்டயும் குடையைத் திருப்பி வாங்குங்க, நாலு பக்கமும் மஞ்சள் பட்டை வச்சுத் தைச்சுத் தர்றோம். நர்ஸ்கிட்ட நானே பேசிக்கறேன். அவளோட போன வருஷக் கட்டத்துக்கும் பட்டை வச்சுக் கொடுத்துடறோம்."

"தர்றோமா? யாரு யாரு?" என்றார் டிரைவர்.

"நானும் அண்ணியும்" என்று சொல்லி நாத்தனார் போனை வைத்தாள்.

அப்போதே உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணியின் குடை முதலில். மேசையில் கிடந்த துணிகளையெல்லாம் ஒதுக்கி, மஞ்சளில் ஒன்றை எடுத்து நாத்தனார் வெளிச்சத்தில் காட்டினாள். "இது பொருந்துமா அண்ணி?" அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அடர்த்தியா எடு" என்றாள். இதைச் சொல்வதற்கு அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள்.

"பட்டைக்கு முதல்ல அட்டையில ஒரு மாதிரி வெட்டிக்கணும்" என்றாள் நாத்தனார். கையை நீட்டினாள். "உங்க கத்திரியைக் கொடுங்க."

அண்ணி எங்கே போனாலும் கத்திரி அவள் பையில் இருக்கும். அவள் அட்டையைப் பார்த்தாள். தடி அட்டை. நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள், அதில் ஒன்றும் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டு, கத்திரியை உறையிலிருந்து உருவி, பிடி நாத்தனார் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"வெட்டு" என்றாள்.

நாத்தனார் கத்திரியை வாங்கினாள். அதன் வாயை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு அதை மஞ்சள் துணியின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து, சிவப்பு நூல் கட்டிய ஒரு மொட்டைக் கத்திரியை எடுத்தாள்.

"அட்டைக்கு இது. சண்டை வந்த அன்னிக்குச் சாயங்காலமே வாங்கிட்டேன்" என்று சொல்லி, அட்டையை வெட்ட ஆரம்பித்தாள்.